வவுனியாவில் இரண்டு நாள்

சம்பளம் விழுந்த வெள்ளிக்கிழமை
"எங்கயாவது போவம், தின்ன மட்டும்" என்றாள் சுகிர்தா.
நுவரெலியாவுக்குக் காசு காணாது.
கொழும்பில் எங்களுக்கு ஆரும் இல்லை.
கிளிநொச்சியிலிருந்து எழுபத்தைந்து கிலோமீற்றர்,
வவுனியாவும் ஒரு வெளியூர்தானே என்று
போனில் ஓர் அறை சொல்லி வைத்தோம்.

குருமன்காட்டுப் பக்கம், மூன்றாம் மாடி.
ஏசி வேலை செய்தது. சுடுதண்ணி வரவில்லை.
பதிவுக் கொப்பியோடு நின்ற பெடியன்
"என்ன வேலை அக்கா?" என்றான்.
"மண் வேலை" என்றாள் சுகிர்தா.
பொய் இல்லை.
கிழமைக்கு ஐந்து நாள் முழந்தாளில் இருந்து
ஒரு பாய் விரிக்கிற அளவு நிலத்தைப்
பகல் முழுக்கச் சுரண்டுகிறவர்கள் நாங்கள்,
முகத்துக்கு ஒரு கண்ணாடி
நெஞ்சுக்குப் பலகை மாதிரி ஒரு சட்டையோடு.

பின்னேரம், பஸ் நிலையத்தடியில் முதல் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் லைற்.
"என்ன இருக்கண்ணை?"
"றோல்ஸ், பற்றீஸ், வாய்ப்பன், மிதிவெடி."
பாண் விலை சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார்.
சிரித்த சிரிப்பில்
எனக்குப் பிளேன்ரீ மூக்கால் வந்தது.
"நாலு மிதிவெடி தாங்கோ."

சுகிர்தா கரண்டியைச் சரித்துப் பிடித்தாள்,
முப்பது பாகை, படித்துத் தந்தபடி.
ஓரத்திலிருந்து உள்ளே, மெல்ல.
மொறுமொறுத்த தோல். உருளைக்கிழங்கு. மிளகு மணத்தோடு இறைச்சி.
பிறகு வெள்ளையாய் ஒரு வளைவு.
"நிற்பாட்டு" என்றேன்.
அவள் கையை எடுத்தேவிட்டாள்,
பழக்கம்.
"அரை முட்டை. சுப்பவைசரைக் கூப்பிடவோ?"
பக்கத்து மேசைப் பிள்ளை
தன் ஐஸ்கிறீமை மறந்து எங்களையே பார்த்தது.

இரவு கொத்து.
தகடும் தகடும் கல்லில் அடிக்க அடிக்க
வயிறு முந்திக்கொண்டு ஓடியது, காது பின்னால் நின்றது:
இரும்பு, வெறும் இரும்பு,
ஆட்டுக்கறிக் குழம்பில் நனைகிற இரும்பு.
அரைவாசியில் முடியாமல் போய்
பார்சல் கட்டுவித்து
விடிய ஐந்து மணிக்குக் கட்டிலில் இருந்து தின்றோம், ஆறினபடியே.

சனிக்கிழமை
சந்தை வாசலில் பாலைப்பழம், சிரட்டைக் கணக்கு.
இரண்டு சிரட்டை தின்று உதடு ஒட்டி
பத்து நிமிசம் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை,
எட்டு வருச நட்பில் அதுதான் ஆகக் கூடிய நேரம்.

மத்தியானம் கண்டி வீதியில் ஒரு பெரிய ஹோட்டல்.
விரும்பின அளவு சாப்பிடலாம், ஆளுக்கு ஒரு விலை.
கோழி, இறால், ஜப்பான் மீன் பொரியல்,
எருமைத் தயிரும் பாணியும் கடைசி மேசையில்.
கோப்பையோடு பதினொரு பேர் நின்றார்கள்.
சுகிர்தா கதிரையை விட்டு எழும்பவில்லை.
"நான் வரிசையில நிக்கமாட்டன்."
இந்த ஊரில் அவளுக்கு அப்போது பதினேழு வயது,
எனக்குப் பதினெட்டு.
வேறு எதுவும் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
இரண்டு கோப்பையோடு நான்தான் நின்றேன்.
"ஒராளுக்கு ஒண்டுதான் அக்கா" என்றவனுக்கு
இரண்டு பில்லையும் காட்டினேன்.
இறாலை அவளுக்குக் கூட வைத்தேன்.
அவள் எண்ணிப் பார்த்து
ஒன்றைத் திருப்பி என் கோப்பையில் போட்டாள்.
தயிருக்கு நான்கு தரம் போய்வந்தேன்.

ஞாயிறு, வீட்டுக்குப் போகிற பஸ்.
மடியில் எண்ணெய் ஊறின கடதாசிப் பை.
ஜன்னலுக்கு வெளியே ஓமந்தை, புளியங்குளம்,
தார் ரோட்டில் படுத்திருக்கிற மாடுகளுக்குக் ஹோன்,
சுகிர்தாவின் குறட்டை.

திங்கள், பத்து மணித் தேத்தண்ணி.
சிவப்புத் தடிகளுக்கு இந்தப் பக்கம்
மரநிழலில் பையைப் பிரித்தோம்.
"அறிக்கை எழுது" என்றாள்.
"கண்டெடுத்தது ஆறு. அழித்தது ஆறு."
நான் எழுதவில்லை.
என் மூன்றாவதுக்குள் முட்டை இல்லை.
அடிவரை தோண்டிப் பார்த்துவிட்டேன், இல்லை.
அடுத்த சம்பளத்துக்குப் போய்
அந்த அண்ணையை ஒருக்கால் கேட்க வேணும்.